‘யூடியூப்ல பார்த்தேன் சிஸ்டர்...’

போன மாதம் இந்தப் பக்கத்தில் “சுகர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்” என்று ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் பெரும்பாலும் வடசென்னையிலிருந்துதான். பதில் சொல்கிற நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி, அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன: “யூடியூப்ல பார்த்தேன் சிஸ்டர்”, “கூகுள்ல போட்டுப் பார்த்தேன் சிஸ்டர்”. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் “பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க சிஸ்டர்” என்று ஆரம்பிப்பார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் வைத்திருக்கிறேன்.

எங்க அப்பாவுக்கு 58 வயசு, சுகர் வந்து பத்து வருஷம் ஆகுது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ரெண்டும் சாப்பிட்டுட்டு இருந்தார். “சுகர் மாத்திரை கிட்னியைத் தின்னுடும்”னு ஒரு வீடியோ பார்த்துட்டு ரெண்டு மாசமா மாத்திரையை நிறுத்திட்டார். அதே வீடியோக்காரர் விக்கிற மூலிகைப் பொடிதான் காலையில குடிக்கிறார். நேத்து வெறும் வயித்துல 340. நான் சொன்னா “நீ என்ன டாக்டரா”ங்கிறார். என்ன செய்யறது சிஸ்டர்? சிறுகுறிஞ்சான், பாகற்காய் எல்லாம் நிஜமாவே சுகரைக் குறைக்குமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

முதலில் அந்த 340. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வாந்தி, மூச்சு வாங்குதல், ரொம்பத் தூக்கமாகக் கிடப்பது இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

இப்போது கிட்னிக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஒரு வதந்தி மட்டும் நம்ம ஏரியாவில் எத்தனையோ குடும்பங்களை டயாலிசிஸ் வார்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும், அதோடு சேர்ந்து வருகிற பி.பி.யும். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அப்படியானால் வதந்தி எங்கிருந்து வந்தது? கிட்னி ஏற்கெனவே பழுதாகிவிட்டால் டாக்டர் மெட்ஃபார்மினைக் குறைப்பார், கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 30-க்குக் கீழே போனால் நிறுத்தியே விடுவார், மாத்திரை உடம்பிலிருந்து சரியாக வெளியே போகாது என்பதால். பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? “கிட்னி போனதும் மாத்திரையை நிறுத்தினாங்க, அப்போ மாத்திரையாலதான் போச்சு” என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார். மழை பெய்ததும் குடை விரிகிறது, அதனால் குடையால்தான் மழை வந்தது என்பது மாதிரி.

அப்பாவிடம் இந்த விளக்கத்தை எல்லாம் சொல்லிச் சண்டை போடாதீர்கள். ஓ.பி.யில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன்: “நீங்க பார்த்தது தப்பு” என்று நாம் சொன்னதால் எந்த நோயாளியும் மறுபடி மாத்திரை சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. “கிட்னியைப் பத்திப் பயப்படறீங்க, நியாயம்தான்பா, வாங்க, கிட்னி எப்படி இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின், ரெண்டே டெஸ்ட். சுகர் இருக்கிற எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கவேண்டியதுதான். பயந்தவருக்கு வாதம் வேண்டாம், ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.

அந்தப் பொடி டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், தூக்கி எறியாதீர்கள். சில நாடுகளில் இப்படிப்பட்ட “இயற்கைப்” பொடிகளைச் சோதித்தபோது உள்ளே இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது தெரியவந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 340 காட்டுகிறதே, அவர் குடிப்பதில் அதுகூட இல்லை போல. இன்னொன்று, 1954-லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யவே கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது, சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே “சுகரை அடியோடு ஒழிக்கும்” என்று ஒருவர் விளம்பரம் செய்கிறார் என்றால், மருந்து எப்படியோ, ஆள் சட்டத்தை மீறித்தான் பேசுகிறார்.

சிறுகுறிஞ்சான், பாகற்காய் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் சித்த வைத்தியத்தைக் கிண்டல் செய்கிறவள் இல்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. அந்த வித்தை உண்மை. ஆனால் நாக்கில் இனிப்பு தெரியாமல் போவதும் ரத்தத்தில் சுகர் குறைவதும் ஒன்றல்ல. இந்தப் பொடிகளில் சில சுகரைக் கொஞ்சம் இறக்கவும் செய்யலாம், அப்போது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோடு சேர்ந்தால் லோ சுகர் ஆகிவிடும். அதனால் எது சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிடுங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவரிடம் போங்கள், அரசு ஆஸ்பத்திரிகளிலேயே அந்தப் பிரிவு உண்டு. கூரியரில் வருகிற டப்பாவுக்கும் சித்த வைத்தியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எனக்கு காலையில சுகர் 142 இருந்தது. ஃபோன்ல போட்டுப் பார்த்தா 4-ல இருந்து 7 வரைக்கும்தான் இருக்கணும்னு போட்டிருக்கு. 142ன்னா நான் எப்படி உயிரோட இருக்கேன்? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல.
வாசகி, காசிமேடு

அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் பார்த்தது இங்கிலாந்துப் பக்கம். அங்கே சுகரை வேறு அளவில் எழுதுவார்கள், மில்லிமோல் என்று பெயர். நம்ம ஊரில் மில்லிகிராம். அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்ம எண் வந்துவிடும். அவர்களுடைய 7 என்பது நமக்கு 126. உங்கள் 142 அவர்களுக்கு 7.9. மீனை ஒருத்தர் கூடையில் சொல்கிறார், ஒருத்தர் கிலோவில் சொல்கிறார், சரக்கு ஒன்றுதான்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மூன்று மாத சராசரி டெஸ்ட் என்று சொல்கிறோமே, ஹெச்பிஏ1சி, அதிலும் 7 என்ற எண் வரும். அது சதவீதம். அந்த 7 என்றால் உங்கள் சுகர் சராசரியாக 154-ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலோருக்கு டாக்டர்கள் அந்த 7-க்குக் கீழே வைக்கத்தான் பார்ப்பார்கள். ரத்தசோகை இருந்தால் இந்த டெஸ்ட் கொஞ்சம் ஏமாற்றும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் 142 கொஞ்சம் அதிகம்தான், 80-க்கும் 130-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. அடுத்த முறை ஓ.பி. போகும்போது சொல்லிக்கொள்ளலாம், அதற்காக ராத்திரி விழித்திருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ரெண்டு வருஷமா இன்சுலின் ஊசி. நான்தான் போடறேன், வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். நல்லாதான் போயிட்டு இருந்தது. பத்து நாளா சுகர் 300-க்குக் கீழ வரவே மாட்டேங்குது, அதே 20 யூனிட்தான் போடறேன், சாப்பாடும் அதேதான். இன்சுலின் கெட்டுப்போச்சா? ஃபிரிட்ஜ் ரிப்பேர், பக்கத்து வீட்டுல வெச்சிருக்கோம். ஊசி கூட புதுசுதான், ஆன்லைன்ல ஆஃபர்ல நூறு வாங்கினேன், ஆரஞ்சு மூடி.
வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

தம்பி, கடைசி வரியில் நீயே பதிலைச் சொல்லிவிட்டாய். ஆரஞ்சு மூடி.

அம்மாவின் இன்சுலின் பாட்டிலை எடுத்துப் பார். லேபிளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று போட்டிருக்கும், நம் நாட்டில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் அதுதான். அதற்கு உரிய சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அந்த ஆரஞ்சுதான், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நீயும் வாங்கிவிட்டாய். 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். பத்து நாளாக அம்மாவுக்கு நீ போட்டது பாதிக்கும் குறைவு. திட்டவில்லை. படித்த டிரெயினி நர்ஸ்களே முதல் வாரத்தில் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆரஞ்சிலேயே கணக்குப் போட்டுக் கூட்டிப் போட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. இன்றைக்கே மருந்துக் கடையில் சிவப்பு மூடி கேட்டு வாங்கு, மீதி ஆரஞ்சை வீட்டில் வைத்திருக்காதே. டாக்டரையும் ஒரு முறை பார்த்துவிடு, இந்தப் பத்து நாளில் யாராவது யூனிட்டை ஏற்றி எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் குறைக்க வேண்டியிருக்கும். இதே தப்பு தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து: 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும், ஆளையே கீழே சாய்த்துவிடும்.

அப்புறம் ஃபிரிட்ஜ். திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்துகிற பாட்டில் சுமார் நாலு வாரம் வெளியே தாங்கும், ஆனால் வெளியே என்றால் வெயில் படாத, 30 டிகிரிக்கு மேல் போகாத இடம். மே மாசத்தில் தகர ஷீட் போட்ட வீட்டில் அப்படி ஒரு இடம் எங்கே இருக்கிறது என்று நீ கேட்பாய். ரெண்டு மண் சட்டி வாங்கு, பெரியதுக்குள் சின்னதை வைத்து நடுவில் மணலைக் கொட்டி நனைத்துவிடு, சின்ன சட்டிக்குள் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வை, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இரு. நம்ம கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உள்மாவட்டத்தில் குளிருகிற அளவுக்குக் குளிராது, இருந்தாலும் வெளியே கிடப்பதை விடச் சில டிகிரி குறையும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலும் ஃபிரீசரை ஒட்டி வைக்கச் சொல்லாதே. ஒரு முறை உறைந்தால் இன்சுலின் குப்பைதான்.

விரல்ல குத்தாமலே சுகர் காட்டற வாட்ச் ஆன்லைன்ல 1,999 ரூபாய்க்கு வருது. வாங்கலாமா?
வாசகர், ராயபுரம்

வேண்டாம். தோலைக் குத்தாமல் சுகர் அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது, அதுவரை ஒன்றுக்குக்கூட அவர்கள் அனுமதி கொடுத்திருக்கவில்லை. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் என்று ஒன்று உண்டு, அது நிஜம், ஆனால் அதிலும் மெல்லிய கம்பி ஒன்று தோலுக்குள் போகிறது, விலையும் வேறு ரகம். சாதாரண குளுக்கோமீட்டரே போதும். லேப் ரிசல்ட்டுக்கும் மீட்டருக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம், அதற்காக மீட்டரைச் சுவரில் அடிக்காதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் உரித்த விரலில் குத்தி 400 வந்து ஓடிவந்தவர்கள் கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

எங்க அத்தாவுக்கு 64 வயசு. நோன்பை விடமாட்டேங்கிறாங்க. போன ரமலான்ல சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வேர்த்துக்கொட்டி நடுங்கினாங்க, அப்பவும் தண்ணி வாங்கிக்கல. ஃபோன்ல ஒரு இடத்துல நோன்பு சுகருக்கு நல்லதுன்னு இருக்கு, ஒரு இடத்துல கூடவே கூடாதுன்னு இருக்கு. எதை நம்பறது?
வாசகி, மண்ணடி

ரெண்டையும் எழுதினவர்களுக்கு உங்கள் அத்தா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாதே. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிற, கிட்னியும் இதயமும் நன்றாக இருக்கிற ஒருவருக்குப் பதில் வேறு. ஊசி போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவருக்கும் பதில் வேறு, ஏனென்றால் இந்த மாத்திரைகள் வயிறு காலியா நிறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். அஸருக்கு மேல் வேர்த்து நடுங்கினார் என்கிறீர்கள், அது லோ சுகர்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

நோன்புக்கு ஆறேழு வாரம் முன்னாலேயே டாக்டரிடம் போங்கள், பிறை பார்த்த பிறகு போகாதீர்கள். மாத்திரையை மாற்றலாமா, காலை டோஸை நோன்பு திறக்கிற இஃப்தாருக்கும் இரவு டோஸைக் குறைத்து விடியற்காலை சஹருக்கும் தள்ளலாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நோன்பு நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்று பல உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள், அத்தாவுக்குச் சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமையே கேட்டுவிடச் சொல்லுங்கள், நான் சொல்வதை விட அவர் சொன்னால் எடுபடும். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும், நோன்பு திறக்கிற மக்ரிபுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் என்றாலும். 70-க்குக் கீழே என்றால் மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயக்கமாக இருக்கிறவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-தான்.

நோன்புக் கஞ்சியில் பயம் இல்லை, அதற்குப் பிறகு வருகிற சமோசா, வட்டலப்பம், சர்பத்தில்தான் எனக்குப் பயம்.

கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டறேன், வயசு 42, எடை 94 கிலோ. சுகர் வந்து மூணு வருஷம். மூணு மாசத்துல சுகரை “ரிவர்ஸ்” பண்ணலாம்னு நிறைய வீடியோ பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 800 கலோரிதான், மாத்திரையே வேணாம்கிறாங்க. உண்மையா, பொய்யா? ரெண்டு நாளா ஆரம்பிச்சிட்டேன்.
வாசகர், எண்ணூர்

உண்மைதான், ஆனால் வீடியோவில் முக்கால்வாசியை விட்டுவிட்டார்கள்.

பிரிட்டனில் 306 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது, டைரெக்ட் என்று பெயர், 2017 கடைசியில் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 850 கலோரி அளவில் பானமும் சூப்பும் மட்டும், அப்புறம் மெதுவாகச் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்து இந்தக் கூட்டத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் நோயளவுக்குக் கீழே இருந்தது. 15 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களில் 86 சதவீதம். பெரிய விஷயம்தான், எனக்கே ஆச்சரியம். பத்து வருஷம் முன்பு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

வீடியோ சொல்லாததைக் கேளுங்கள். எடுத்துக்கொண்டவர்கள் எல்லாம் சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள், ஊசி போடாதவர்கள், பருமனானவர்கள். மாத்திரையை நிறுத்தியது நர்ஸும் டாக்டரும் பக்கத்தில் இருந்து, நாள் குறித்துச் செய்தது. ரெண்டாவது வருஷம் பார்த்தபோது அந்த 46 என்பது 36 ஆகிவிட்டது, எடை திரும்ப ஏறியவர்களுக்குச் சுகரும் திரும்ப வந்தது. அதனால்தான் டாக்டர்கள் குணம் என்று சொல்லாமல் தணிந்திருக்கிறது என்கிறார்கள், வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நீங்கள் இதற்குப் பொருத்தமான ஆள்தான், மூணு வருஷம், 94 கிலோ. என் கவலை வேறு. நீங்கள் மாத்திரையை நிறுத்தினீர்களா என்று எழுதவில்லை. கிளிமிபிரைடு மாதிரி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே 800 கலோரியில் ஓடினால், துறைமுக கேட் வரிசையில் நாலு மணி நேரம் நின்று, டீயும் பன்னும்கூட இல்லாமல், எக்ஸ்பிரஸ் ரோட்டில் நாற்பதடி டிரெய்லரைத் திருப்பும்போது சுகர் 50-க்கு இறங்கினால் என்ன ஆகும்? உங்களுக்கு மட்டுமா ஆகும்? இன்றைக்கு இந்த டயட்டை நிறுத்தி வையுங்கள். டாக்டரிடம் போய் இப்படி ஒன்று செய்ய ஆசை என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பத்து கிலோ இளைப்பதற்கு எந்த டாக்டரும் குறுக்கே நிற்க மாட்டார். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும், கிளீனருக்கும் அது எதற்கு என்று தெரிந்திருக்கட்டும்.

வீட்டுக்காரர் போட்டுல மீன் பிடிக்கப் போறவர், செருப்பு போடமாட்டார். ஒரு வாரம் முன்னாடி உள்ளங்கால்ல மீன் முள் குத்தி, இப்போ ஓரம் கறுப்பா இருக்கு. வலியே இல்லைங்கிறார். நெட்ல மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடச் சொல்லியிருக்கு, போட்டுட்டு வரேன். ஃபோட்டோ அனுப்பியிருக்கேன்.
வாசகி, திருவொற்றியூர் குப்பம்

இந்தக் கேள்வி வந்த அன்றைக்கே ஃபோன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டேன், பத்திரிகை வரும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. போனார்கள், சுத்தம் செய்து, ஒரு விரலோடு போயிற்று. இங்கே அச்சிடுவது மற்றவர்களுக்காக.

வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லையம்மா. முள் குத்தினால் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம், ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும், கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கறுப்பு, நாற்றம், சீழ், வீக்கம், காய்ச்சல் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சள், வேப்பெண்ணெய், காபித் தூள், எதுவும் வேண்டாம், புண் எப்படி இருக்கிறது என்றே தெரியாமல் மூடிவிடும்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவரை உட்கார வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள், டார்ச் அடித்து. சுடுதண்ணீரில் காலை வைக்க விடாதீர்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் காட்டுவார்கள், மெத்தென்று இருக்கும். போட்டில் போட முடியாது, வழுக்கும் என்பார், சரி, கரையிலாவது போடட்டும். நடுப்பகல் மணலில் வெறுங்காலோடு நடப்பதுதான் முள்ளைவிட மோசம்.

நெட்ல படிச்சதை டாக்டர்கிட்ட சொன்னதும் “அப்போ அதுகிட்டயே வைத்தியம் பார்த்துக்கோ”ன்னு கோவிச்சுட்டார். படிக்கறது தப்பா சிஸ்டர்?
வாசகர், வியாசர்பாடி

தப்பே இல்லை. அவர் கோபப்பட்டதும் எனக்குப் புரிகிறது, ஒரு காலை ஓ.பி.யில் நூறு பேரைப் பார்க்கிறவர். புரிகிறது என்றால் சரி என்று சொல்லவில்லை.

நம்ம ஏரியாவுக்கு இதில் ஒரு பழைய பெருமை இருக்கிறது. இந்தியாவிலேயே சர்க்கரை நோய்க்கென்று தனி புறநோயாளிப் பிரிவு முதன்முதலில் 1948-ல் தொடங்கியது நம்ம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில்தான், டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கியது. 1954-ல் ராயபுரத்தில் சுகருக்கென்றே ஆஸ்பத்திரியும் ஆரம்பித்தார். இன்சுலினே 1921-ல்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்று 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருக்கும் உட்கார வைத்துப் பேச எந்த டாக்டருக்கு நேரம் இருக்கும்? அதனால் ஆட்கள் ஃபோனில் தேடத்தான் செய்வார்கள். நானும் தேடியவள்தான்.

எனக்குப் பதினாறு வருஷமாகச் சுகர். சில வருஷம் முன்பு ரெண்டு காலும் எரிந்து, குத்திக் குத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோனை எடுத்தேன். அரை மணி நேரத்தில் என் காலை நானே மனசுக்குள் வெட்டி எடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற நர்ஸ், போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன். அதே தேடலில்தான் ஒரு வரி கண்ணில் பட்டது, மெட்ஃபார்மினை நிறைய வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதிலும் கால் எரியும் என்று. காலையில் என் டாக்டரிடம் அந்த வரியை மட்டும் காட்டிக் கேட்டேன். டெஸ்ட் எடுத்தார், பி12 தரையில் கிடந்தது. ஊசி போட்டு மூணு மாசத்தில் எரிச்சல் பாதி குறைந்தது.

டாக்டரிடம் போய் “நெட்ல இப்படிப் போட்டிருக்கே” என்று நான் ஆரம்பிக்கவில்லை. “எனக்குக் கால் எரியுது, மெட்ஃபார்மின் பதினாலு வருஷமா சாப்பிடறேன், பி12 பார்க்கலாமா டாக்டர்?” என்றேன். உங்கள் சுகர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூணு கேள்வி எழுதிக்கொண்டு போங்கள், மூணுக்கு மேல் வேண்டாம், பேனாவும் கொண்டு போங்கள். டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் அந்த ஓ.பி. நர்ஸையோ, வீட்டுக்கே சுகர், பி.பி. மாத்திரை கொண்டுவருகிற மக்களைத் தேடி மருத்துவம் பெண்களையோ கேளுங்கள், 104-க்கு ஃபோன் போட்டும் கேட்கலாம். படிக்கிற பக்கத்தில் எழுதினவர் பெயரும் தேதியும் இருக்கிறதா, கீழே ஏதாவது விற்கிறாரா என்று மட்டும் பாருங்கள். விற்கிறார் என்றால் நான் அதற்கு மேல் படிப்பதில்லை, அது என் பழக்கம்.

ஆடி மாசம் அம்மன் கோயில் கூழ் குடிக்கலாமா? கேழ்வரகு சுகருக்கு நல்லதுன்னு எல்லா வீடியோவிலும் சொல்றாங்களே?
வாசகி, மூலக்கொத்தளம்

கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் அதிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் பக்கம் மாவுச்சத்துதான், அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அடையாகச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், அரைத்துக் கரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சரசரவென்று ஏறும். “கேழ்வரகுதானே” என்று ஒரு சொம்பு குடித்துவிட்டு அதற்கு மேல் சோறும் சாப்பிட்டால் அம்மனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு டம்ளர் குடியுங்கள், அன்றைக்கு அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடும் வைப்பார்கள், பி.பி. இருந்தால் ஒரு துண்டோடு நிறுத்துங்கள். நானும் அப்படித்தான் குடிப்பேன், தெருமுனையில் வரிசையில் நின்று.